மண்ணீரல் இல்லாத அம்மாவுக்கு முழங்கால் மாற்று: ஆறு மாத மாத்திரை வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. 2004இல் பேருந்து விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அவசர ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் இரண்டு மூட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற நாள் குறித்திருக்கிறோம். சர்க்கரை உண்டு, ஹெச்பிஏ1சி 8.6. வலி தாங்காமல் போன மாதம் முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். மண்ணீரல் இல்லாததால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும் என்கிறார் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மாமா. சீழ் பிடித்தால் காலே போய்விடும், ஆபரேஷனே வேண்டாம் என்கிறார் சித்தி. அம்மாவுக்கு ஆடும் பல் இரண்டு இருக்கிறது. பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா? வீட்டில் நாய் வேறு வளர்க்கிறோம். என்ன செய்வது, டாக்டர்?
ஒரு வாசகி, திருச்சி.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்யலாம். மூன்று வாரத்தில் வேண்டாம், மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். மாமா சொல்லும் ஆறு மாத மாத்திரை வேண்டாம். அம்மாவுக்கு உடனே தேவைப்படுவது தடுப்பூசிகள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

மாமாவும் சித்தியும் இரண்டு தனித்தனி ஆபத்துகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். செயற்கை மூட்டில் கிருமி புகுவது ஒன்று. மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்தில் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாவது இன்னொன்று. இரண்டையும் உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு, தடுக்கும் வழியும் வேறு.

செயற்கை மூட்டில் சீழ் பிடிப்பது பொதுவாக நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள். இவை நம் தோலிலும் மூக்கிலும் குடியிருப்பவை. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் உலோகத்தின் மேல் ஒட்டி, மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். படலம் உருவாகிவிட்டால் மருந்து உள்ளே இறங்குவது கடினம். அதனால்தான் மூட்டில் தொற்று வந்தால் திரும்பவும் ஆபரேஷன் செய்து கழுவவோ, மூட்டையே எடுத்து மாற்றவோ வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கிருமிகளைத் தடுக்கும் முதல் காவல் மண்ணீரல் அல்ல. தோலும் வெள்ளை அணுக்களும் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரையும் சுத்தமான ஆபரேஷன் தியேட்டரும்தான்.

மண்ணீரல் எதற்கு என்றால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி என்று சில கிருமிகள் தங்களைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான வழுக்கும் உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளும். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வரும் திருடனைப் போல, பிடிக்கப் போனால் நழுவிவிடும். ரத்தத்தில் இப்படிப்பட்டவை கலந்தால் அவற்றை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரல். கல்லீரலும் பிடிக்கும், ஆனால் அந்த உறைமேல் எதிர்ப்புப் புரதங்கள் முன்பே ஒட்டியிருந்தால்தான் அதனால் முடியும். அந்தப் புரதங்களைத் தயாராக வைத்திருக்கச் செய்வதுதான் தடுப்பூசி. மண்ணீரல் இல்லாத உடம்பில் தடுப்பூசிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்பது இப்போது புரியும்.

1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குக் கடுமையான தொற்று வருவதைக் கவனித்து எழுதினார்கள். பெரியவர்களுக்கும் வரும் என்பது பிறகு தெரியவந்தது. மண்ணீரல் எடுத்த முதல் இரண்டு மூன்று வருடம் ஆபத்து அதிகம். பிறகு குறையும், ஆனால் ஒருநாளும் முழுதாகப் போகாது. இருபது வருடம் கழித்து வந்தவர்கள் உண்டு. அடிக்கடி வரும் நோயல்ல இது. வந்தால் மட்டும் வேகம் பயங்கரம். காலையில் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி என்று தொடங்கி, மறுநாளே ரத்த அழுத்தம் விழுந்து ஐசியூவில் கிடப்பார். வந்தவர்களில் பாதிப்பேர் வரை இறந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

சரி, இதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் கலந்த கிருமி செயற்கை மூட்டில் போய்த் தங்கலாம். ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் இது நடக்கும். ஆக, அம்மாவின் ரத்தத்தைக் காப்பது மூட்டையும் காப்பதுதான். இரண்டு ஆபத்தும் சேரும் இடம் இது ஒன்றே.

இப்போது மாமாவின் ஆறு மாத மாத்திரைக்கு வருகிறேன். ஆபரேஷனில் ஆன்டிபயாடிக் வேலை செய்ய வேண்டிய நேரம், கத்தி தோலைத் தொடும் நேரம். பெரும்பாலும் செஃபசோலின் 2 கிராம், கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்றுவார்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் டூர்னிக்கே பட்டை இறுக்குவதாக இருந்தால் அதற்கு முன்பே மருந்து முழுக்க ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குப் போய்ச் சேராது. அதன் பிறகு நீட்டிக்க வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பல சர்ஜன்கள் 24 மணி நேரம் வரை கொடுப்பார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். மண்ணீரல் இல்லை என்பதற்காக இந்தக் கணக்கு மாறாது. பெனிசிலின் அலர்ஜி உண்டா என்பதை மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீட்டித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். வயிற்றுப்போக்கில் தொடங்கிப் பெருங்குடல் அழற்சி வரை போகலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உடம்பில் தங்கிவிடும். எனக்குப் பெரிய ஆட்சேபம் வேறொன்று. உள்ளே உண்மையிலேயே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தால், மாத்திரை அதை அழிக்காது, அமுக்கி வைக்கும். காய்ச்சல் தெரியாது, வலி மட்டும் இருந்துகொண்டே இருக்கும். மூட்டிலிருந்து நீர் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினாலும் எதுவும் வளராமல் போகலாம். என்ன கிருமி என்றே தெரியாமல் சிகிச்சை செய்ய வேண்டிய நிலை வரும். ஆபரேஷனுக்குப் பிறகு காயத்தில் நீர் கசிந்தால் மெடிக்கலில் எதையும் வாங்கிப் போடாமல், ஆபரேஷன் செய்த சர்ஜனிடமே போங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒரு வாரம் ஆகியும் கசிவு நிற்காவிட்டால் அது அவசரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணீரலுக்காகத் தினமும் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சின்னக் குழந்தைகளுக்கும், மண்ணீரல் எடுத்த முதல் ஓரிரு வருடத்திலும் கொடுப்பார்கள். பிரிட்டனில் 50 வயதைத் தாண்டியவர்களையும் ஆபத்து அதிகம் உள்ளவர்களாகக் கணக்கில் சேர்த்து, தொடர்ந்து தருவது பற்றி யோசிக்கிறார்கள். உங்கள் அம்மா இருபது வருடம் பெரிய தொந்தரவில்லாமல் கடந்திருக்கிறார். தடுப்பூசி போட்டு, காய்ச்சல் வந்தால் உடனே விழுங்க ஒரு ஆன்டிபயாடிக் அவசர மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் பொது மருத்துவர் வேறு மாதிரி நினைத்தால் அவர் சொல்வதற்கும் நியாயம் உண்டு. ஆனால் அது மண்ணீரலுக்கான மருந்து, முழங்காலுக்கானது அல்ல.

ஏன் மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டும்? முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. இது ஒன்றே போதும், தேதியை மாற்ற. அடுத்தது சர்க்கரை. 8.6 அதிகம். பலரும் 7.5 அல்லது 8க்குக் கீழே வந்த பிறகே கத்தியை எடுப்பார்கள். ஹெச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, ஒரே வாரம் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. அப்புறம் பற்கள். ஆடும் பல்லைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகுதான் மூட்டு ஆபரேஷன். இந்த மூன்றும் கேட்பது ஏறத்தாழ ஒரே கால அளவு. தடுப்பூசிகளுக்கும் அதே அவகாசம் தேவை. நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை.

தடுப்பூசி அட்டவணையை உங்கள் பொது மருத்துவரோடு உட்கார்ந்து போடுங்கள். நான் சொல்வது அதற்கான வரைவு. முதலில் நிமோகாக்கஸைத் தடுக்கும் நிமோனியா தடுப்பூசியில் கான்ஜுகேட் வகை (கிருமியின் உறைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது), 13 வகை நிமோகாக்கஸுக்கானது. எட்டு வாரம் கழித்து 23 வகைக்கானது, ஐந்து வருடம் கழித்து அது இன்னொரு முறை. 20 வகைக்கான புதிய கான்ஜுகேட் ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும், 23 தேவைப்படாது. ஹீமோஃபிலஸ் பி கிருமிக்கான 'ஹிப்' ஊசி, முன்பு போட்டதில்லை என்றால், ஒரு டோஸ். ஃப்ளூ ஊசி வருடா வருடம். மெனிஞ்சோகாக்கஸ் ஏ, சி, ஒய், டபிள்யூ நான்கு வகைக்கானது எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை.

இதில் ஒரு சிக்கல், பல இடங்களில் கவனிக்காமல் விடுகிறார்கள். மெனாக்ட்ரா என்ற மெனிஞ்சோகாக்கஸ் ஊசியை, மண்ணீரல் இல்லாதவர்களுக்கு, நிமோனியா கான்ஜுகேட் ஊசியோடு ஒரே நாளில் போடக் கூடாது. நான்கு வாரமாவது கழித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் நிமோனியா ஊசியின் பலன் குறைகிறது. அது 55 வயது வரைக்கும் என்று அனுமதி பெற்ற ஊசி என்பதால் அம்மாவின் வயதில் எந்த பிராண்ட் என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். 'ஒரே நாளில் எல்லாம் போட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப அலைய முடியாது' என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசி ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும். ஊசியால் வரும் காய்ச்சலை ஆபரேஷன் நேரத்துக் காய்ச்சலோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டியிருக்காது. குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் நிமோனியா ஊசியைப் பெரியவர்கள் வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலை உறுத்தும். இரண்டு மூட்டுக்கு ஆகும் செலவோடு சேர்த்துப் பார்த்தால் பெரிதில்லை.

2004இல் ஏன் யாரும் சொல்லவில்லை என்ற ஆதங்கம் வரலாம். 23 வகைக்கான ஊசி அப்போதே இருந்தது. விபத்து நாளின் பரபரப்பில் உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு, டிஸ்சார்ஜ் தாளில் அந்த ஒரு வரி விட்டுப்போவது இன்றும் நடக்கிறது. பழைய தாள்கள் தொலைந்திருந்தால் ஒரு ஸ்கேனும், ரத்தத்தை ஸ்லைடில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையும் எடுங்கள். மண்ணீரல் வேலை செய்யாதபோது சிவப்பணுக்களில் ஹோவெல்-ஜாலி எனப்படும் புள்ளிகள் தெரியும். விபத்தில் கிழிந்த மண்ணீரலின் துணுக்குகள் சிலருக்கு வயிற்றுக்குள் ஒட்டி வளர்ந்திருக்கும். அதை நம்பி ஊசியை விட்டுவிடக் கூடாது.

மண்ணீரலை எடுக்காமலேயே அது வேலை செய்யாமல் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் சிக்கில் செல் ரத்தசோகையில் மண்ணீரல் நாளடைவில் செயலிழந்துவிடலாம். அதே நோயில் இடுப்பு எலும்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்று, இள வயதிலேயே மூட்டு மாற்று தேவைப்படுவதும் உண்டு. அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

ஆபரேஷன் நெருங்கும்போது செய்ய வேண்டியவை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவானவைதான். மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மியூபிரோசின் களிம்பு ஐந்து நாள், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளியல். காலில் பித்தவெடிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண் இருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள். முந்தைய நாள் வீட்டில் பிளேடால் முடி மழிக்க வேண்டாம், அந்தச் சின்னக் கீறல்களில்தான் கிருமி சேரும். ஆபரேஷனுக்குப் பிறகு தையல் மேல் மஞ்சள், விளக்கெண்ணெய், பற்று எதுவும் கூடாது. சித்தியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் மாற்றுவதை நான் விரும்ப மாட்டேன். சர்க்கரையும் வயதும் மண்ணீரல் இல்லாமையும் சேர்ந்த ஒருவருக்கு, ஒன்றைச் செய்து, அது நன்றாக ஆறியதைப் பார்த்து, சில மாதம் கழித்து அடுத்ததைச் செய்வது நல்லது. சர்ஜனுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் காரணம் கேளுங்கள், நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்று. மண்ணீரல் எடுத்தவர்களுக்குத் தட்டணுக்களும் வெள்ளை அணுக்களும் இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ரத்த எண்ணிக்கை எடுத்து வைத்தால், பிறகு வெள்ளை அணு கூடியிருப்பதைப் பார்த்துத் தேவையில்லாமல் பதற வேண்டாம். காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுதல் என்பதால், உறைவைத் தடுக்கும் மருந்து பற்றி சர்ஜனிடம் தனியாகப் பேசுங்கள். மூட்டு மாற்றிய முதல் இரண்டு மூன்று நாளில் லேசான காய்ச்சல் பலருக்கும் தொற்று இல்லாமலே வரும். ஆனால் குளிர் நடுக்கம், குழப்பமான பேச்சு, ரத்த அழுத்தக் குறைவு சேர்ந்தால் வார்டில் இருப்பவர்கள் உடனே ரத்தக் கல்ச்சர் எடுத்து மருந்தைத் தொடங்க வேண்டும். அதற்கு அம்மாவின் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே மண்ணீரல் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

பல் வைத்தியம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று மாதம் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப் போடுங்கள். செயற்கை மூட்டு இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பல் சிகிச்சைக்கும் ஆன்டிபயாடிக் பொதுவாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இலேயே சொல்லிவிட்டது. மண்ணீரல் இல்லாமையை மட்டும் காரணமாக வைத்தும் பல நாடுகளில் கொடுப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் சேர்கிறது, சர்க்கரையும் உண்டு. எனவே பல் பிடுங்குதல், ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்தல் போன்றவற்றுக்கு, அதுவும் மூட்டு மாற்றிய முதல் வருடத்தில், ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு வேளை கொடுப்பதை நான் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகு, சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், வழக்கமான பல் சுத்தத்துக்கு வேண்டாம். தினமும் இரண்டு வேளை ஒழுங்காகப் பல் தேய்ப்பது அந்த மாத்திரையைவிட அதிகம் காப்பாற்றும்.

நாயை வெளியேற்ற வேண்டாம். ஆனால் நாயின் வாயில் கேப்னோசைட்டோஃபேகா என்று ஒரு கிருமி உண்டு. நமக்கெல்லாம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, மண்ணீரல் இல்லாதவருக்கு உயிரையே பறிக்கலாம். செல்லமாகக் கடித்தாலும், புண்ணை நக்கினாலும், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி உடனே டாக்டரிடம் போங்கள். வெறிநாய் ஊசி போட்டாயிற்று என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையும் தேவை, அதை நீங்களே கேட்டு வாங்குங்கள். தையல் ஆறும் வரை நாய் அம்மாவின் கட்டிலில் ஏற வேண்டாம். அப்புறம், ஒடிசா, சத்தீஸ்கர் போல மலேரியா அதிகமுள்ள பகுதிக்கு அம்மா பயணம் போவதாக இருந்தால் தடுப்பு மாத்திரை இல்லாமல் அனுப்பாதீர்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா கடுமையாக வரும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது காய்ச்சலைப் பற்றி. 100.4 டிகிரியோ அதற்கு மேலோ, அல்லது தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டாமல் உடம்பு நடுங்கினாலோ, 'ஒரு பாராசிட்டமால் போடுங்கள், காலையில் பார்க்கலாம்' என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸை விழுங்கிவிட்டு, இரவு இரண்டு மணியானாலும் ஐசியூ உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விழுங்கியதோடு காய்ச்சல் விட்டாலும் போக வேண்டும். அந்த மாத்திரை சிகிச்சை அல்ல, போய்ச் சேரும் வரைக்கான தாக்குப்பிடிப்பு. கேஷுவாலிட்டியில் வாயைத் திறந்து சொல்லும் முதல் வாக்கியம் 'இவருக்கு மண்ணீரல் எடுத்தாச்சு' என்பதாக இருக்கட்டும். சர்க்கரையும் முழங்காலும் இரண்டாவதாக வரட்டும். அங்கே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசியை உடனே தொடங்குவார்கள்.

மாத்திரையின் காலாவதித் தேதியை வருடம் ஒருமுறை பாருங்கள். அம்மாவின் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும். மண்ணீரல் எடுத்த ஆண்டு, போட்ட தடுப்பூசிகள், தேதிகள், அலர்ஜி, மூட்டு மாற்றிய தேதி, இரண்டு பேரின் போன் நம்பர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மெடிக்கல் ஷாப் மாமாவிடம் இந்த அட்டை, மாத்திரைப் பொறுப்பை ஒப்படையுங்கள். ஆறு மாதம் கொடுக்க நினைத்தவர், இதைச் சந்தோஷமாகச் செய்வார்.